கிறிஸ்தவ ஹோம்ஸ்கூலிங்: சட்டம் வேற, பாடம் வேற, பிரம்பு வேற

2023 செப்டம்பர்ல அமெரிக்காவுல டென்னசி மாகாணத்துல இருந்த ஒரு ஜெர்மன் கிறிஸ்தவக் குடும்பத்துக்கிட்ட, நாலு வாரத்துல ஊருக்குக் கிளம்ப ரெடியாகிக்கோங்கன்னு குடியேற்ற அதிகாரிங்க சொன்னாங்க, கொஞ்ச நாள்ல ஒரு வருஷம் தவணை குடுத்தாங்க. அந்தக் குடும்பம் 2008ல ஜெர்மனிய விட்டு வந்ததே பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டுலயே படிக்க வைக்கணும்னுதான். இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் நம்ம ஆளுங்க நடுவுல பேச்சு ரெண்டா பிரியுது. ஒரு பக்கம் "விசுவாசக் குடும்பம்னா இப்படித்தான் இருக்கணும்"னு, இன்னொரு பக்கம் "பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பாதது குத்தம், போலீஸ் வரும்"னு. கூடவே யூடியூப்ல ஆறு பிள்ளைங்கள வரிசையா டைனிங் டேபிள்ல உக்கார வெச்சு பாடம் நடத்துற அமெரிக்க அம்மாக்களோட வீடியோ வேற.

ரெண்டு பேச்சுமே பாதிதான் சரி. கிறிஸ்தவ ஹோம்ஸ்கூலிங்னு ஒரே மூட்டையா கட்டி நம்ம கையில வர்றதுல உண்மையில மூணு தனித்தனி விஷயம் இருக்கு: பிள்ளைய யார் படிக்க வைக்கலாம்ங்கற சட்டம், எந்த வயசுல எதை எப்படி சொல்லித்தரணும்ங்கற பாடமுறை, பிள்ளைய எப்படி அடக்கி வளர்க்கணும்ங்கற உபதேசம். மூணும் வேற வேற ஆளுங்க, வேற வேற காலத்துல, வேற வேற காரணத்துக்காக கொண்டு வந்தது. ஒண்ண எடுத்துக்கிட்டா மத்த ரெண்டையும் எடுத்தாகணும்னு ஒண்ணும் இல்ல, ஆனா கடையில சேத்துத்தான் விக்கறாங்க.

அடிப்படை: எது ஹோம்ஸ்கூலிங், எது இல்ல

பிள்ளையோட படிப்புக்கு முழுப் பொறுப்பையும் பெத்தவங்களே எடுத்துக்கிட்டு, எந்த ஸ்கூல்லயும் பேர் சேக்காம நடத்தறதுதான் ஹோம்ஸ்கூலிங். கொரோனா காலத்துல ஸ்கூல் அனுப்பின ஜூம் லிங்க்ல பிள்ளை உக்காந்திருந்தது இதுல சேராது, ஏன்னா அங்க பாடம், டீச்சர், மார்க் எல்லாம் ஸ்கூலோடது, இடம் மட்டும்தான் வீடு. ஸ்கூலுக்கும் போய் சாயங்காலம் அம்மா சொல்லிக்குடுக்கறதும் இது இல்ல.

கூட வர்ற சில வார்த்தைங்க:

1. கரிக்குலம்: ஒரு வருஷத்துக்கான புத்தகம், வொர்க்ஷீட், டீச்சர் கைடு எல்லாம் சேர்ந்த செட். பெட்டியா வாங்கலாம், தனித்தனியா பொறுக்கியும் சேத்துக்கலாம்.
2. கோ-ஆப்: சில குடும்பங்க சேந்து வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் ஒரு சர்ச் ஹால்லயோ வீட்டுலயோ கூடி, ஒரு அம்மா சயின்ஸ், ஒருத்தர் மியூசிக்னு பிரிச்சு எடுக்கறது.
3. அன்ஸ்கூலிங்: டைம்டேபிளும் பாடப்புத்தகமும் இல்லாம பிள்ளையோட ஆர்வத்துக்குப் பின்னாலயே போறது. கிறிஸ்தவக் குடும்பங்கள்ல இது கம்மி.

ஸ்கூல விட்டு ஏன் வெளிய வந்தாங்க

அமெரிக்காவுல இது ஆரம்பிச்சது சர்ச்சுலன்னு நினைக்கறாங்க, முழுசா அப்படி இல்ல. 1970கள்ல ஜான் ஹோல்ட்னு ஒரு கல்விச் சிந்தனையாளர், மதத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்ல, ஸ்கூல் பிள்ளைங்களோட இயல்பான ஆர்வத்தைக் கொல்லுதுன்னு சொல்லி 1977ல வீட்டுக் கல்விக்காக ஒரு பத்திரிகையே ஆரம்பிச்சார். அதே காலத்துல ரேமண்ட் மூர், டாரதி மூர்னு ஒரு தம்பதி, இவங்க செவன்த் டே அட்வென்டிஸ்ட்னு ஒரு கிறிஸ்தவ சபைக்காரங்க, சின்னப் பிள்ளைங்கள சீக்கிரமா கிளாஸ்ல உக்கார வெக்கறது கெடுதல்னு எழுத ஆரம்பிச்சாங்க. 1980ஐ ஒட்டி ஜேம்ஸ் டாப்சனோட கிறிஸ்தவ ரேடியோ நிகழ்ச்சியில மூர் பேசினதுக்கு அப்புறம்தான் இவாஞ்சலிக்கல், அதாவது பைபிளை அழுத்திப் பிடிக்கற புராட்டஸ்டன்ட் குடும்பங்க பெரிய அளவுல உள்ள வந்தாங்க.

அவங்க ஏற்கெனவே ஸ்கூல் மேல மனவருத்தத்துல இருந்தாங்க. அதுக்குப் பின்னாடி இருந்த காரணங்கள்:

1. 1962லயும் 1963லயும் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், அரசு ஸ்கூல் தானா நடத்தற ஜெபமும் பைபிள் வாசிப்பும் அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு தீர்ப்பு குடுத்துச்சு.
2. பரிணாமக் கொள்கை, பாலியல் கல்வி ரெண்டும் பாடத்துல கெட்டியா உக்காந்துச்சு.
3. இதைச் சொல்லாம விட முடியாது, இனப் பிரிவினைய ஒழிச்சு கறுப்பர் வெள்ளையர் பிள்ளைங்க ஒண்ணா படிக்கணும்னு வந்தப்போ தெற்கு மாகாணங்கள்ல நிறைய வெள்ளைக்காரக் குடும்பங்க அரசு ஸ்கூல விட்டுக் கிளம்பினாங்க, அதுல பலர் போய்ச் சேர்ந்த இடம் 'கிறிஸ்தவ' தனியார் ஸ்கூல். அந்த ஸ்கூலுக்கு பீஸ் கட்ட முடியாதவங்களுக்கும் பக்கத்துல அப்படி ஸ்கூல் இல்லாதவங்களுக்கும் வீடு அடுத்த வழியா ஆச்சு.

1999ல அமெரிக்க அரசு எடுத்த கணக்குல சுமார் 8,50,000 பிள்ளைங்க வீட்டுல படிச்சாங்க, அதாவது 1.7%. 2012ல அது 18 லட்சத்தை ஒட்டி வந்துச்சு. அப்புறம் கொரோனா. சென்சஸ் பீரோவோட சர்வேயில 2020 வசந்த காலத்துல 5.4% குடும்பங்க ஹோம்ஸ்கூலிங்னு சொன்னது அதே வருஷ இலையுதிர் காலத்துல 11.1% ஆச்சு, கறுப்பினக் குடும்பங்கள்ல 3.3%ல இருந்து 16.1%. ஆக இன்னைக்கு அமெரிக்காவுல ஹோம்ஸ்கூலிங்னாலே வெள்ளைக்கார பாப்டிஸ்ட் குடும்பம்னு நினைச்சா தப்பு. 2019 அரசு சர்வேயில மதக் கல்விய ஒரு காரணமா சொன்னவங்க சுமார் 59%, ஸ்கூல் சூழ்நிலை பயமா இருக்குன்னு சொன்னவங்க சுமார் 80%.

இந்தக் கதை நம்ம சரித்திரத்துக்கு நேர் எதிர்ங்கறத கவனிக்கணும். 1706ல மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில வந்து இறங்கின கொஞ்ச நாள்லயே பள்ளிக்கூடம் தொடங்கிட்டார், 1820ல இன்னொரு மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்ததுக்கு அப்புறம் திருநெல்வேலிச் சீமையில கோயில் கட்டின ஊர்ல எல்லாம் கூடவே பள்ளிக்கூடமும் வந்துச்சு, எத்தனையோ குடும்பம் எழுத்து கத்துக்கிட்டதே அங்கதான். தமிழ் கிறிஸ்தவனுக்கு பள்ளிக்கூடம் தன்னோட சொத்து மாதிரி. 'கெட்ட உலகத்தோட பள்ளிக்கூடம்'ங்கற அமெரிக்கக் கோபத்தை அப்படியே வாங்கி வெச்சுக்கிட்டா அது நம்ம மண்ணுல எதுலயும் ஒட்டாது. இங்க ஸ்கூல் மேல கோபம் வர நியாயமான காரணம் வேற நிறைய இருக்கு, எல்கேஜி பிள்ளைக்கு ஹோம்வொர்க், பீஸ், 40 பேர் கிளாஸ்னு, ஆனா அது வேற கோபம்.

சட்டம்: ஊருக்கு ஊரு வேற

அமெரிக்காவுல ஹோம்ஸ்கூலிங் உரிமைன்னு நேரடியா சொன்ன சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு எதுவும் கிடையாது. சுத்தி இருக்கற தீர்ப்புங்கள வெச்சுத்தான் வாதம். ஒரிகன் மாகாணம் எல்லாப் பிள்ளையும் அரசு ஸ்கூலுக்குத்தான் போகணும்னு போட்ட சட்டத்தை 1925ல கத்தோலிக்க கன்னியாஸ்திரிகள் எதிர்த்துப் போய் ஜெயிச்சாங்க, பிள்ளை அரசாங்கத்தோட உடைமை இல்லைங்கற கருத்து அங்கதான் வந்துச்சு. 1972ல ஆமிஷ்னு நவீன வசதிங்கள ஒதுக்கி வாழற ஒரு கிறிஸ்தவக் குழுவோட குடும்பங்க எட்டாம் கிளாஸுக்கு மேல அனுப்ப மாட்டோம்னு சொல்லி ஜெயிச்சாங்க. 1983ல ஹோம்ஸ்கூல் குடும்பங்களுக்காகவே வக்கீல் சங்கம் ஒண்ணு, எச்.எஸ்.எல்.டி.ஏ.ன்னு, தொடங்கி மாகாணம் மாகாணமா கேஸ் நடத்துச்சு. 1993ல மிச்சிகன் சுப்ரீம் கோர்ட், மத நம்பிக்கைக்காக வீட்டுல படிக்க வைக்கற பெத்தவங்க டீச்சர் சர்டிபிகேட் வெச்சிருக்கணும்ங்கற கட்டாயத்தை எடுத்துவிட்டுச்சு, அதோட 50 மாகாணத்துலயும் வழி திறந்துச்சு.

ஆனா வழி ஒரே மாதிரி இல்ல. நம்ம ஆளுங்க நிறைய இருக்கற இடங்கள மட்டும் பாப்போம்:

1. டெக்சஸ், நியூஜெர்சி: யாருக்கும் தெரிவிக்க வேண்டிய கட்டாயம்கூட இல்ல. ஏற்கெனவே ஸ்கூல்ல இருக்கற பிள்ளைன்னா அங்க ஒரு லெட்டர் குடுத்து பேர் எடுத்துடறது நல்லது, இல்லன்னா ஆப்சென்ட்னு தேடி வருவாங்க.
2. கலிபோர்னியா: வீட்டையே ஒரு சின்ன தனியார் ஸ்கூலா பதிஞ்சுக்கற வழி, வருஷா வருஷம் அக்டோபர்ல அஃபிடவிட் போடணும். 2008 பிப்ரவரியில அங்க ஒரு கோர்ட் டீச்சர் சர்டிபிகேட் இல்லாம நடத்த முடியாதுன்னு சொல்லி பெரிய பரபரப்பு ஆச்சு, அதே கோர்ட் அதே வருஷம் ஆகஸ்ட்ல மாத்திக்கிச்சு.
3. நியூயார்க், பென்சில்வேனியா: நியூயார்க்ல வருஷத்துக்கான பாடத் திட்டமும் மூணு மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட்டும் குடுக்கணும். பென்சில்வேனியாவுல பிள்ளையோட வேலைய எல்லாம் ஃபைல் பண்ணி தகுதியுள்ள ஒருத்தர்கிட்ட மதிப்பீடு வாங்கணும், 3, 5, 8ம் கிளாஸ்ல டெஸ்ட்டும் உண்டு.

ஜெர்மனி இதுக்கு மறு கோடி. 1919 வைமார் அரசியல் சட்டத்துலயே பள்ளிக்குப் போறது கட்டாயம், வீட்டுக் கல்விக்கு நோய் மாதிரி அபூர்வமான காரணம் தவிர இடமே இல்ல. அங்க அவங்க சொல்ற நியாயம், பாடம் மட்டும் பிரச்சனை இல்ல, மத்த மதத்து, மத்த கருத்து பிள்ளைங்களோட கலந்து வளரணும், தனித்தனித் தீவா சமுதாயம் பிரியக் கூடாதுன்னு. 2006லயும் 2019லயும் ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டும் ஜெர்மனி பக்கமே நின்னுச்சு. 2019 கேஸ்ல 2013ல போலீஸ் வந்து நாலு பிள்ளைங்கள மூணு வாரம் பிரிச்சு வெச்சிருந்தாங்க, அதைக்கூட கோர்ட் தப்புன்னு சொல்லல. டென்னசி குடும்பத்துக்கு 2010ல ஒரு குடியேற்ற நீதிபதி அடைக்கலம் குடுத்தார், மேல் கோர்ட்டுங்க அத ரத்து பண்ணிச்சு, ஏன்னா ஜெர்மனி கிறிஸ்தவங்கன்னு பாத்து துன்புறுத்தல, ஸ்கூலுக்கு அனுப்பாத எல்லாரையும் ஒரே மாதிரி தண்டிக்குதுன்னு. 2014 மார்ச்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கேஸை எடுக்க மாட்டேன்னு சொன்ன மறுநாளே அரசாங்கம் சும்மா இருந்துக்கோங்கன்னு விட்டுச்சு. அதாவது அவங்க இருந்தது உரிமையில இல்ல, தயவுல. 2023 குழப்பம் அதனாலதான்.

சிங்கப்பூர் நடுவழி. அங்க 2003ல இருந்து ஆரம்பக் கல்வி கட்டாயம், வீட்டுல படிக்க வைக்க அமைச்சகத்துக்கிட்ட விலக்கு வாங்கணும், ஆறாம் வகுப்பு முடிவுல எல்லாரும் எழுதற பி.எஸ்.எல்.இ. பரீட்சைய எழுதி குறிப்பிட்ட மார்க்கையும் தொடணும்.

சின்னப் பிள்ளைக்கு என்ன சொல்லித்தரணும்: முன்னோடிங்க சொன்னது ஒண்ணு, கடையில விக்கறது ஒண்ணு

மூணுல ரெண்டாவது விஷயம் இது, எனக்கு இதுதான் முக்கியமா படுது.

மேல சொன்ன மூர் தம்பதி சொன்னது என்ன? முறையான படிப்ப 8 வயசு, முடிஞ்சா 10 வயசு வரைக்கும் தள்ளிப் போடுங்க, அதுவரைக்கும் வீட்டு வேலை, விளையாட்டு, அம்மா அப்பா கூட இருக்கறது போதும். கண்ணும் காதும் நரம்பும் பக்குவமாகாம எழுத்த திணிக்காதீங்கன்னு. இவங்களுக்கு ரொம்ப முன்னாடியே இங்கிலாந்துல ஆம்பிள்சைடுங்கற ஊர்ல சார்லட் மேசன்னு ஒரு ஆங்கிலிக்கன் அம்மையார், 1842ல பிறந்து 1923ல இறந்தவங்க, 6 வயசு வரைக்கும் பாடமே வேண்டாம், நல்ல வானிலையில தினமும் மணிக்கணக்குல வெளிய விடுங்கன்னு எழுதினாங்க. 6 வயசுக்கு மேலயும் ஒரு பாடம் 15, 20 நிமிஷம்தான். கதைய ஒரே ஒரு தடவை வாசிச்சுக் காட்டி, பிள்ளைய அதைத் திருப்பிச் சொல்லச் சொல்றது. கேள்வி பதில், கோடிட்ட இடம் நிரப்புறது எதுவும் கிடையாது. 1980கள்ல அமெரிக்கக் கிறிஸ்தவங்க இந்த அம்மாவை மறுபடி கண்டுபிடிச்சாங்க, இன்னைக்கு அவங்க முறையில நடக்கற குடும்பங்க ஏராளம்.

இப்ப கடைக்கு வாங்க.

1. அபெகா: ஃப்ளோரிடாவுல பென்சகோலாவுல 1972ல ஆரம்பிச்சது. ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தோட ஒலிய வெச்சு வாசிக்கக் கத்துக்குடுக்கறது, கெட்டி, 2, 3 வயசுக்கே செட் இருக்கு. நம்ம ஊர் மெட்ரிக் ஸ்கூல பாத்து வளந்தவங்களுக்கு இது பழகின மாதிரியே இருக்கும், அதனாலயே நிறைய பேர் இதுல போய் விழறாங்க.
2. ஏ.சி.இ. (ஆக்செலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன்): 1970ல டெக்சஸ்ல வந்தது. சின்னச் சின்ன புக்லெட், பிள்ளை தானே படிச்சு, தானே விடைய சரி பாத்து, அடுத்ததுக்குப் போகணும். தனித்தனி தடுப்பு மேஜை, உதவி வேணும்னா ஒரு சின்னக் கொடிய தூக்கி வெக்கணும். டீச்சர் வேலை மிச்சம், பேச்சும் மிச்சம்.
3. கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ்: 1997ல வட கரோலினாவுல தொடங்கினது. வாரம் ஒரு நாள் குழுவா கூடி சரித்திரம், லத்தீன், கணக்கு, சயின்ஸ் எல்லாத்தையும் பாட்டா மனப்பாடம் பண்ற முறை, 4 வயசுலயே தொடங்கிடும்.
4. கத்தோலிக்கங்களுக்கு வர்ஜினியாவுல சீட்டன் மாதிரி தபால் வழி ஸ்கூலுங்க தனியா இருக்கு. பெத்தவங்கதான் முதல் ஆசிரியர்ங்கறது 1965 வத்திக்கான் சங்க ஆவணத்துலயே சொன்னது, ஆனா கத்தோலிக்க சபை ஸ்கூல எதிரியா பாக்கல, அதுவே ஆயிரக்கணக்குல ஸ்கூல் நடத்துது.

முரண்பாடு புரியுதா? இயக்கத்தை ஆரம்பிச்சவங்க "பொறுங்க, அவசரப்படாதீங்க"ன்னாங்க, சந்தை "3 வயசுக்கு இந்தப் பெட்டி, 4 வயசுக்கு அந்தப் பெட்டி"ங்குது. காரணம் சிம்பிள், பிள்ளைய வெளிய விளையாட விடுங்கன்னு சொல்றதை விக்க முடியாது. அதோட ஸ்கூலுக்கு அனுப்பாத அம்மாவுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம், மாமியார் "என்னம்மா, ஏபிசிடி தெரியுமா"ன்னு கேட்டா காட்ட ஒரு வொர்க்ஷீட் கையில வேணும். ஸ்கூல் பிடிக்காம வெளிய வந்துட்டு வீட்டுக்குள்ள அதே எல்கேஜிய நடத்தறதுல என்ன லாபம்னு தெரியல.

சரி, சின்னப் பிள்ளைக்கு ஒரு நாள் எப்படிப் போகும்? மேசன் வழியில போற வீட்டுல காலைல எல்லாரும் கூடி ஒரு ஞானப்பாட்டு, ஒரு வசனம், சீர்திருத்த சபைக்காரங்கன்னா ஒண்ணு ரெண்டு வினாவிடை, அப்புறம் பைபிள் கதை. 6 வயசுப் பிள்ளைக்கு எழுத்து, கணக்கு எல்லாம் சேத்து ஒரு மணி நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரம் போதும், ஏன்னா டீச்சருக்கு ஒரே மாணவன், அட்டெண்டன்ஸ், வரிசை, காத்திருப்பு எதுவும் இல்ல. மிச்ச நேரம் துணி மடிக்கறது, செடிக்குத் தண்ணி, கதை கேக்கறது, வெளிய சுத்தறது. இவங்க எல்லாரும் ஆதாரமா காட்டற உபாகமம் 6:7லயும் வர்றது வீட்டில உட்கார்ந்திருக்கும்போது, வழியில நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது பேசறதுதான். அதுல டைம்டேபிள் இல்ல. அந்த வசனத்தை வெச்சு ஸ்கூல் கூடாதுன்னு சட்டம் போடறவங்க அதுல இல்லாததைப் படிக்கறாங்க, ஸ்கூலுக்குப் போற பிள்ளைகிட்டயும் காலைல எழும்பும்போதும் ராத்திரி படுக்கும்போதும் பேச முடியும்.

அமெரிக்கப் பெட்டிய அப்படியே தூத்துக்குடியிலயோ கனடாவுல ஸ்கார்பரோவுலயோ இருக்கற தமிழ்க் குடும்பம் வாங்கினா இன்னொரு சிக்கல், கணக்குல டாலரும் இஞ்ச்சும், சரித்திரத்துல ஜார்ஜ் வாஷிங்டனும். தமிழ் எழுத்து எங்கயும் வராது. தமிழ்ல இப்படி ஒரு முழு செட் தேடினா கிடைக்கறது கஷ்டம், பழைய மொழிபெயர்ப்பு (பழைய திருப்புதல்) வேதாகமத் தமிழ வெச்சு அஞ்சு வயசுப் பிள்ளைக்கு வாசிக்கக் கத்துக்குடுக்கவும் முடியாது, அதனால தமிழுக்கு அரசு பாடநூலையும் கதைப் புத்தகத்தையும் தனியா வாங்கிச் சேத்துக்கறதுதான் வழி. அபெகா, ஏ.சி.இ. ரெண்டுலயும் சயின்ஸ் வந்தா பூமிக்கு சில ஆயிரம் வருஷம்தான் வயசுன்னு சொல்லும். 5 வயசுல இதுல ஒண்ணும் தெரியாது, பத்தாம் வகுப்பு போர்டு எக்ஸாம்ல தெரியும்.

ஹோம்ஸ்கூல் பிள்ளைங்க டெஸ்ட்ல அதிக மார்க் எடுக்கறாங்கன்னு ஒரு பேச்சு எப்பவும் வரும். அதுக்கு அதிகமா காட்டறது 1999ல வந்த ஆய்வு, 20,760 பிள்ளைங்க. ஆனா அது தாங்களா டெஸ்ட் எழுத முன்வந்த குடும்பங்க, பெத்தவங்க அதிகம் படிச்சவங்க, வருமானம் கூடினவங்க. ஆய்வு பண்ணினவரே இதை வெச்சு ஸ்கூல விட வீடு மேலன்னு சொல்லாதீங்கன்னுதான் எழுதினார். அந்த எச்சரிக்கை மட்டும் எந்த மீட்டிங்லயும் வாசிக்கப்படறது இல்ல.

மூணாவது மூட்டை: கீழ்ப்படிதல்

அமெரிக்க ஹோம்ஸ்கூல் மாநாட்டுல கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்து மேஜையில பிள்ளை வளர்ப்பு புத்தகமும் இருந்துச்சு, வினையே அங்கதான். நீதிமொழிகள்ல பிரம்பப் பத்தி வர்ற வசனங்கள எடுத்து, பிள்ளை முதல் தடவை சொன்னதும், உடனே, முகம் சுளிக்காம கேக்கணும், இல்லன்னா அடின்னு ஒரு முறையே உருவாச்சு. தவழற குழந்தைய ஒரு போர்வையில உக்கார வெச்சு, பிடிச்ச பொம்மைய கொஞ்சம் தள்ளி வெச்சு, எடுக்கப் போர்வைய விட்டு நகர்ந்தா அடிக்கறதுக்கு 'பிளாங்கெட் ட்ரெயினிங்'னு பேர். 1994ல வந்த இந்த வகைப் புத்தகம் ஒண்ணு லட்சக்கணக்குல போச்சு. 2010லயும் 2011லயும் ரெண்டு அமெரிக்க வீடுகள்ல தத்தெடுத்த பெண் பிள்ளைங்க கொடுமையில இறந்தப்போ, ரெண்டு வீட்டுலயும் அந்தப் புத்தகம் இருந்தது வெளிய வந்துச்சு. பெத்தவங்க ஜெயிலுக்குப் போனாங்க.

பில் கோத்தார்டுன்னு ஒரு அமெரிக்க கிறிஸ்தவ போதகரோட அமைப்பு 1984ல தனியா ஒரு ஹோம்ஸ்கூல் திட்டமே தொடங்குச்சு. கிறிஸ்துவுக்குக் கீழ புருஷன், புருஷனுக்குக் கீழ மனைவி, அவளுக்குக் கீழ பிள்ளைங்கன்னு குடைக்குக் கீழ குடை வரைஞ்சு காட்டற படம் அங்கருந்து பரவினது. 2014ல பல பெண்கள் பாலியல் தொல்லை புகார் சொன்ன பிறகு அவர் பதவி விலகினார், குற்றம் எதுவும் செய்யலன்னு மறுத்தார்.

இதுல சட்டத்தோட சம்பந்தம் என்ன? ஸ்கூலுக்குப் போற பிள்ளைய தினமும் வீட்டுக்கு வெளிய உள்ள ஒருத்தர் பாக்கறாங்க. அமெரிக்காவுல பிள்ளை உடம்புல காயம் பாத்தா டீச்சர் சட்டப்படி புகார் குடுத்தாகணும். ஹோம்ஸ்கூலிங்ல அந்தக் கண்ணு இல்ல. பெரும்பாலான குடும்பங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்ல, சில குடும்பத்துக்கு அதுதான் வசதியே. வீட்டுல படிச்சு வளந்த பிள்ளைங்களே சேந்து 2013ல ஒரு அமைப்பு தொடங்கி, தடை வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவையாவது வெளியாள் ஒருத்தர் பிள்ளைய பாக்கணும்னு கேக்கறாங்க. எச்.எஸ்.எல்.டி.ஏ. அதையும் எதிர்க்குது. என் கருத்து கேட்டா அந்தப் பிள்ளைங்க கேக்கறது நியாயம்.

எபேசியர் 6:4ல பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்னு தகப்பன்மாருக்குத்தான் கட்டளை, அதை யாரும் போஸ்டர் அடிக்கல. நம்ம வீடுகள்ல பிரம்பு வசனம் அமெரிக்காவுல இருந்து வர வேண்டிய அவசியமும் இல்ல, சண்டே ஸ்கூல்லயே இருந்தது. அதனாலயே இந்தப் புத்தகங்க இங்க வந்தா சுலபமா உள்ள போயிடும்னு ஒரு கவலை.

இந்தியாவுல நிலைமை

இங்க போலீஸ் வருமா? விஷயம் படிப்படியா:

1. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009ல வந்து 2010 ஏப்ரல் 1ல இருந்து அமல். வயசு 6ல இருந்து 14. அப்போ 3, 4, 5 வயசுப் பிள்ளைய எல்கேஜிக்கு அனுப்பாம இருக்கறதுக்கு யார்கிட்டயும் எதுவும் கேக்க வேண்டாம். அதை ஹோம்ஸ்கூலிங்னு பெரிய பேர் சொல்லணும்னுகூட இல்ல.
2. 6 வயசுக்கு மேல, பிரிவு 10 பிள்ளைய பக்கத்துப் பள்ளியில சேக்கறது பெத்தவங்க கடமைன்னு சொல்லுது. ஆனா சேக்கலன்னா பெத்தவங்களுக்கு என்ன தண்டனைன்னு அந்தச் சட்டத்துல எங்கயும் இல்ல.
3. டெல்லி ஹைகோர்ட்ல இது சம்பந்தமா ஒரு மனு வந்தப்போ 2012ல மத்திய அரசு, விருப்பப்பட்டு வீட்டுல படிக்க வைக்கறவங்க தொடரலாம், சட்டம் குறுக்க நிக்கலன்னு சொல்லி, அப்புறம் அதுல இருந்து பின்வாங்கிடுச்சு. ஆக, அனுமதின்னும் எழுதல, தடைன்னும் எழுதல.
4. நிறைய பேருக்குத் தெரியாத ஆபத்து பிரிவு 18. அங்கீகாரம் இல்லாம ஸ்கூல் நடத்தினா 1 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம், தொடர்ந்து நடத்தினா நாளுக்கு 10,000. உங்க பிள்ளைய உங்க வீட்டுல படிக்க வெச்சா அது ஸ்கூல் ஆகாது, ஆனா சபையில பத்து குடும்பத்துப் பிள்ளைங்கள திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் கூட்டி ஒரு அக்காவுக்கு சம்பளம் குடுத்து நடத்தினா, அதை கோ-ஆப்னு நீங்க சொன்னாலும் அதிகாரி ஸ்கூல்னு சொல்ல முடியும்.

சர்டிபிகேட்டுக்கு வழி என்.ஐ.ஓ.எஸ்., 1989ல வந்த தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 3, 5, 8ம் வகுப்புக்கு சமமா ஏ, பி, சின்னு மூணு லெவல் இருக்கு, பத்தாம் வகுப்பு எழுத 14 வயசு ஆகியிருக்கணும். கேம்பிரிட்ஜ் பரீட்சைய தனித்தேர்வரா எழுதற வழியும் உண்டு, பணம் கூட ஆகும்.

திரும்பி ஸ்கூலுக்குப் போகணும்னா

இதைத்தான் ஆரம்பத்துலயே யோசிக்கணும், யாரும் யோசிக்கறது இல்ல. அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போகலாம், அப்பா வேலை போகலாம், ரெண்டாவது குழந்தை பிறக்கலாம். வேலைய விட்ட அம்மாவோட சம்பளம், பிஎஃப், பத்து வருஷ அனுபவம் எல்லாம் இந்தக் கணக்குல சேரும், பெட்டி விலை மட்டும் செலவு இல்ல. கர்த்தர் பாத்துக்குவார்னு சொல்ற அப்பாமார்ல எத்தனை பேர் சாயங்காலம் வந்து ஒரு பாடம் எடுக்கறாங்கன்னும் கேட்டுப் பாக்கலாம்.

நல்ல சேதி, கல்வி உரிமைச் சட்டத்தோட பிரிவு 4 இங்க உதவும். ஸ்கூல்ல சேராத பிள்ளை வந்தா வயசுக்கு ஏத்த வகுப்புல சேக்கணும், பின்தங்கியிருந்தா தனிப் பயிற்சி குடுக்கணும். டிசி கிடையாதே, எப்படிச் சேப்பாங்கன்னு பயப்பட வேண்டாம், 14 வயசுக்குள்ள அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில கேக்கறது உங்க உரிமை. தனியார் ஸ்கூல் தன் டெஸ்ட் வெச்சுத்தான் எடுப்பேன்னு சொன்னாலும் அந்த வயசுக்குள்ள அட்மிஷனுக்கு ஸ்க்ரீனிங் வெக்கக் கூடாதுன்னு பிரிவு 13 சொல்லுது, நடைமுறையில வெக்கறாங்கங்கறது வேற கதை. கையில இருக்க வேண்டியது பிறப்புச் சான்று, ஆதார், தடுப்பூசி அட்டை, என்.ஐ.ஓ.எஸ். லெவல் ஏதும் முடிச்சிருந்தா அந்தச் சர்டிபிகேட், அப்புறம் பிள்ளை எழுதின நோட்டுங்க தேதி போட்டு வருஷ வாரியா. பென்சில்வேனியாக்காரன் சட்டத்துக்காக வெக்கற ஃபைல் இங்க யாரும் கேக்காமலே வெச்சுக்க வேண்டியிருக்கு, ஹெட்மாஸ்டர் மேஜையில பிள்ளை என்ன படிச்சிருக்குன்னு காட்ட வேற எதுவும் இருக்காது.